லைடனில் ஒரு தாய்ப்பத்திரம்

அப்பா நாகப்பட்டினத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். 2023 செப்டம்பரில் நான் நெதர்லாந்து கிளம்பியபோது சென்னை விமான நிலையம் வரை வந்தார். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்றெல்லாம் அம்மாதான் கேட்டாள். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "மூலத்தப் பாக்காம எதையும் எழுதிடாத பாப்பா. நகல நம்பி எழுதினவன்லாம் பின்னாடி கோர்ட்டு வாசல்ல நின்னுருக்கான்."

பொதுப் பன்னாட்டுச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் நான். காலனிய காலத்தில் கைமாறிப்போன பண்பாட்டுப் பொருட்களை, உரிய ஊருக்குச் சட்டத்தின் வழியாகக் கேட்டு வாங்க முடியுமா என்பது தலைப்பு. மூன்று மாதம் லைடன் பல்கலைக்கழகத்தில் இருக்க அனுமதி கிடைத்திருந்தது. லைடனைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. நம் ஊரின் மூலம் ஒன்று அப்போது அங்கேதான் இருந்தது.

ஸ்கிப்போல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிற்கிறது. இருபது நிமிடத்துக்குள் லைடன். கால்வாய்களும் செங்கல் வீடுகளும் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் அடங்கிய ஊர். 1574இல் ஸ்பானியப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றது. அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் பிறந்தது. சட்டத்துறை இயங்குவது ஒரு பழைய இயற்பியல் ஆய்வகத்தில். 1908இல் காமர்லிங் ஒன்னஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கிய கட்டடம் அது. இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. எனக்கு அங்கே ஜன்னலோரமாக ஒரு மேசை கொடுத்தார்கள்.

என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். சென்னையில் மேடத்தின் அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிப் பழகியவள் நான். மூன்று மாதமும் பெயர் வாயில் வரவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் என் ஆய்வுத் திட்டத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் காலச் சட்டப்படி என்கிறாய். எந்தக் காலம் என்று சொல்லிவிட்டாய். யாருடைய சட்டம் என்று சொல்லவில்லையே?"

அந்தக் கேள்வியோடுதான் மூன்று மாதமும் அலைந்தேன்.

பன்னாட்டுச் சட்டம் படிக்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாடுகளுக்கு மேலே சட்டம் இயற்றும் நாடாளுமன்றம் எதுவும் கிடையாது. அப்படியானால் சட்டத்தை எங்கே தேடுவது? பன்னாட்டு நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் பிரிவு வழி காட்டுகிறது: உடன்படிக்கைகள், நாடுகளின் வழக்காறு, பொதுவான சட்டக் கோட்பாடுகள், இவற்றுக்குத் துணையாகத் தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும். பொதுக் கோட்பாடுகளைச் சொல்லுமிடத்தில் "நாகரிக நாடுகள்" ஏற்றுக்கொண்டவை என்ற சொல் இன்னமும் நீக்கப்படாமல் நிற்கிறது. மாணவியாக இருந்தபோது அந்தச் சொல்லைக் கடந்து போய்விட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் கண்ணில் தைக்கிறது. யார் நாகரிக நாடு என்று யார் முடிவு செய்தார்கள்?

என் ஆய்வுக்கு நேரான உடன்படிக்கை ஒன்று இருக்கிறது: பண்பாட்டுப் பொருட்களைக் கடத்துவதற்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை. அது பின்னோக்கிச் செல்லாது. அதற்கு முன்னால் போனவற்றுக்கு, போன காலத்துச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த விதி பிறந்த இடம், லைடனிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் வரும் ஹேக்.

ஹேக்கில் ஒன்றாம் எண் டிராம் அமைதி அரண்மனை வாசலில் நிற்கும். ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த 15 லட்சம் டாலரில் கட்டி, 1913 ஆகஸ்டில் திறந்தது. முதல் உலகப் போருக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பு. நிரந்தர நடுவர் மன்றமும் பன்னாட்டு நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வளாகத்துக்குள்ளேயே நூலகம், பக்கத்தில் ஹேக் பன்னாட்டுச் சட்டக் கழகம். சட்டம் படிப்பவளுக்கு அந்த நூலகத்தின் அலமாரிகளுக்கு நடுவே நடப்பது, கோயில் பிராகாரத்தில் நடப்பதைப் போலத்தான். நான் அப்படித்தான் நடந்தேன்.

அங்கே மூன்று வாரம் பால்மாஸ் தீவு வழக்கில் கிடந்தேன். பிலிப்பைன்ஸுக்கும் இன்றைய இந்தோனேசியாவுக்கும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு தீவு. ஸ்பெயின் அதைக் கண்டுபிடித்தது, ஸ்பெயினிடமிருந்து எங்களுக்கு வந்தது என்றது அமெரிக்கா. எங்கள் கம்பெனி அங்கிருந்த சிற்றரசர்களோடு ஒப்பந்தம் போட்டு ஆண்டுவருகிறது என்றது நெதர்லாந்து. சுவிஸ் நாட்டு மாக்ஸ் ஹூபர் ஒற்றை நடுவராக இருந்து 1928 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னார். நெதர்லாந்து வென்றது. அதில் அவர் சொன்ன விதிதான் இன்றுவரை எல்லோரும் கையில் எடுப்பது: ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டே எடைபோட வேண்டும், பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு அல்ல.

இந்த விதிக்கு இரண்டாவது பாதி ஒன்றும் உண்டு. உரிமை பிறந்தது அந்தக் காலச் சட்டத்தால் என்றாலும், அது உயிரோடு தொடர்வதற்கு மாறிவரும் சட்டத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்றார் ஹூபர். அருங்காட்சியகங்களுக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது நேர்மையான வாசிப்பு அல்ல. அதை என் ஆய்வேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

தீர்ப்பை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தச் சிற்றரசர்களோடு கம்பெனி போட்ட ஒப்பந்தங்கள், பன்னாட்டுச் சட்டத்தின் பொருளில் உடன்படிக்கைகளே அல்ல என்கிறார் ஹூபர். சில சூழ்நிலைகளில் கணக்கில் எடுக்கக்கூடிய நிகழ்வுகள், அவ்வளவுதான். அதாவது, ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் கையெழுத்திட்டவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, மறு பக்கத்துக்கு மட்டும் அதனால் உரிமை வந்தது என்கிறார். பேராசிரியர் கேட்ட "யாருடைய சட்டம்" என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் அப்பட்டமாகக் கிடந்தது.

இதற்குப் பதில் தேடி அலமாரியில் ஹேக் கழகத்தின் விரிவுரைத் தொகுதிகளைப் புரட்டினேன். பதில் சென்னையிலிருந்து போயிருந்தது. 1951இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பத்தாண்டுகள் பன்னாட்டுச் சட்டம் கற்பித்த சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச், போலந்துக்காரர். சேப்பாக்கத்தில் இருந்துகொண்டு அவர் ஒரு வேலை செய்தார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் ஆசிய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். அப்போது ஐரோப்பியர்கள் இந்த அரசர்களைச் சமமான இறையாண்மை உடையவர்களாகத்தான் நடத்தினார்கள், தூது அனுப்பினார்கள், அனுமதி கேட்டார்கள், எழுதி வாங்கினார்கள் என்று நிறுவினார். ஆசிய நாடுகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. அந்த நூற்றாண்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முந்தைய நூற்றாண்டுகளைப் பார்ப்பதுதான் தவறு என்றார். இதை 1960இல் ஹேக் கழகத்தில் விரிவுரையாகவே நிகழ்த்தினார். 1967இல் நூலாகவும் வந்தது.

அதே 1960 ஏப்ரலில், அதே அரண்மனையில், போர்ச்சுகல் இந்தியாமீது தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. தாத்ரா, நகர் அவேலிக்குப் போகும் வழியுரிமை வழக்கு. 1779இல் மராத்தியர்கள் போர்ச்சுகீசியரோடு செய்த பூனா உடன்படிக்கை செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. பின்னாளில் வளர்ந்த நடைமுறைகளை வைத்து அதை எடைபோடக் கூடாது, மராத்தியர்களே அதைச் செல்லுபடியான உடன்படிக்கையாகக் கருதினார்கள் என்றது நீதிமன்றம். ஆனால் அதன்வழி கிடைத்தது ஊர்களின் வருவாய் மட்டுமே, இறையாண்மை அல்ல என்றும் சொன்னது. ஹூபருக்கும் இதற்கும் இடையே 32 ஆண்டு. மராத்தியர் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அலமாரியிலிருந்து அலெக்ஸாண்ட்ரோவிச்சின் விரிவுரைத் தொகுதியை எடுத்து மேசைமேல் வைத்தபோது சேப்பாக்கத்து வாசிப்பறை நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியே கடற்காற்று வரும், ஏடு தொட்டால் உதிரும். எங்கள் துறையைத் தொடங்கியவரின் எழுத்தைக் கண்ணீர் மறைக்க ஹேக்கில் படித்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள் நீதிமன்ற அமர்வுக்கு இடம் கிடைத்தது. கயானாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் எஸ்ஸெகிபோ பகுதி பற்றிய வழக்கு. தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பு. 1899இல் ஒரு நடுவர் மன்றம் எல்லை வகுத்தது செல்லுமா செல்லாதா என்பதே மூலப் பிரச்சினை. இடைக்கால உத்தரவுக்கான விசாரணை அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக மங்கிய வெளிச்சம். நீதிபதிகள் வரும்போது எல்லோரும் எழுந்து நின்றோம். ஒரு நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அந்த அறையில் பேச்சாக மட்டுமே இருந்தது. யாரும் குரல் உயர்த்தவில்லை. பீரங்கிக்குப் பதிலாகக் காகிதத்தோடு வந்து நிற்கிறார்களே, அது ஒன்றே எனக்குப் பெரிதாகப் பட்டது. டிசம்பர் முதல் தேதி உத்தரவு வந்தபோது நான் லைடனில் இருந்தேன்.

லைடனுக்கு வந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

விட்டே சிங்கல் என்ற கால்வாய் ஓரத்தில் பல்கலைக்கழக நூலகம். சிறப்புத் தொகுப்புகளின் வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தேன். குறித்த நாளில் ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். 21 செப்பேடுகள், ஒரு பெரிய வளையத்தில் கோத்தவை, வளையத்தின் முடிச்சில் சோழ முத்திரை: உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன். மொத்தம் 30 கிலோ அளவு. நுரைத் தலையணைமேல் இறக்கி வைத்துவிட்டு நூலகர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனைமங்கலச் செப்பேடுகள். ஐந்து ஏடு வடமொழி, பதினாறு ஏடு தமிழ். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டிய சூளாமணிவர்ம விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்து வருவாயைப் பள்ளிச்சந்தமாக விட்டுக்கொடுத்த ஆவணம். கடல் கடந்த பௌத்த அரசன் கட்டிய விகாரத்துக்கு ஒரு சைவ அரசன் கொடுத்தது.

எழுத்துகள் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியவை. செம்பு கறுத்துப்போய், உளி போன பள்ளத்தின் விளிம்பு மட்டும் வெளிச்சத்தில் மினுங்கியது. புள்ளி இல்லை, முதலில் ஒன்றும் புரியவில்லை. அச்சிட்ட பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினேன். "ப", "ட" என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்து, "நாகப்பட்டினத்து" என்ற சொல் திடீரென்று முழுதாக எழுந்து வந்தது. எங்கள் வீட்டு முகவரியின் கடைசி வரி.

மேலே படிக்கப் படிக்க அப்பாவின் கடைக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. நெல் வருவாய் 8,943 கலம் என்று சொல்லி, அதோடு நிற்காமல் தூணி, குறுணி, நாழி வரை கணக்கு இறங்குகிறது. நாலு திசைக்கும் எல்லை. யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டது சோழர் வழக்கம். உத்தரவைக் கேட்டு எழுதியவர், ஒப்புநோக்கியவர் என்று அதிகாரிகளின் வரிசை. ராஜராஜன் காலமான பிறகு, தந்தை கொடுத்ததை மகன் ராஜேந்திரன் நிலைப்படுத்தினான் என்கிறது வடமொழிப் பகுதி. ஆட்சி மாறினாலும் முந்தைய ஆட்சியின் கடப்பாடு தொடர்கிறது. அதே ராஜேந்திரன்தான் 1025ஐ ஒட்டி ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பல் படை அனுப்பினான். அதற்குப் பிறகும் கொடை அழியவில்லை: அதே நூலகத்தில் இருந்த மூன்று ஏடுகள் கொண்ட சிறிய செப்பேட்டில், கடாரத்து அரசனின், அதாவது ஸ்ரீவிஜயத்து அரசனின், தூதர்கள் கேட்டுக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிகளை விலக்குகிறான். போர் மூண்டால் முந்தைய ஒப்பந்தங்கள் என்ன ஆகும் என்று ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் ஒரு வரைவை முடித்தது 2011இல்.

இந்தச் செப்பேட்டை உடன்படிக்கை என்று சொன்னால் மிகை. அது ஓர் அரசன் தன் நாட்டுக்குள் கொடுத்த கொடை. ஆனால் தூதர் வந்து கேட்பதும், வாக்கு தலைமுறை தாண்டி நிற்பதும், எல்லையைச் சாட்சி வைத்து வகுப்பதும் தெரிந்த ஒரு சமூகத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த முடியாது. இவ்வளவுதான் என் வாதம்.

செப்பேடு இங்கே எப்படி வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பர் என்ற டச்சுப் பாதிரியார் கொண்டுவந்தார். பின்னால் லைடன் பேராசிரியர் ஹாமாக்கரின் குடும்பத்திடம் வந்து, 1862இல் நூலகத்துக்குப் போனது. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக் கம்பெனியின் கையில் இருந்த ஊர். ஆனால் நாகப்பட்டினத்து யாரிடமிருந்து காம்பருக்குக் கிடைத்தது, விற்றார்களா, கொடுத்தார்களா, எடுத்தார்களா என்று சொல்லும் தாள் எதுவும் நான் புரட்டிய கட்டுகளில் இல்லை. அப்பாவின் மொழியில் சொன்னால், இடையில் ஒரு பத்திரம் காணவில்லை. வில்லங்கம் அங்கேதான்.

2021 ஜனவரியில் நெதர்லாந்து அரசு ஒரு கொள்கையை ஏற்றது: தன் முன்னாள் குடியேற்றங்களிலிருந்து, அங்கிருந்தவர்கள் விருப்பமில்லாமல் போனவை நிபந்தனையின்றித் திருப்பித் தரப்படும். நான் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஜூலையில், இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாக 478 பொருட்களைத் தருவதாக அறிவித்தார்கள். 1765இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்த பீரங்கியும் அதில் ஒன்று. இந்தோனேசியாவுக்கான ஒப்படைப்பு நடந்தது இதே லைடனில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில். பீரங்கிக்குச் சூறையாடலின் கதை இருந்தது. செப்பேட்டுக்குக் கதையே இல்லை. இந்தியா அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. கதை இல்லாத பொருள் எப்படிப் போனது என்று நிரூபிக்கும் சுமையை, கேட்கிற ஊரின் தலையில் ஏற்றுவது நியாயம் இல்லை. வைத்திருப்பவர்தான் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். வீட்டை விற்பவனிடம் தாய்ப்பத்திரம் கேட்பதுதானே உலக வழக்கம்?

அந்தக் காலச் சட்டம் என்றால் அதையும் எடுத்துப் பார்க்கலாம். 1609இல், இதே லைடனில், ஹூகோ க்ரோஷியஸின் "சுதந்திரக் கடல்" பெயரில்லாமல் அச்சானது. சிங்கப்பூர் அருகே 1603இல் டச்சுக்காரர்கள் பிடித்த போர்ச்சுகீசியக் கப்பலை நியாயப்படுத்த எழுதிய பெரிய நூலின் ஒரு அத்தியாயம் அது. அந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் இதே நூலகத்தில்தான் இருக்கிறது. செப்பேடு வந்த இரண்டே ஆண்டில், 1864இல், ஏலத்தில் வாங்கியது. அதில் க்ரோஷியஸின் வாதம் என்ன? கிழக்கிந்திய நாடுகளுக்குச் சொந்த அரசர்களும் சொந்தச் சட்டமும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதற்காக அவை போர்ச்சுகலுடையவை ஆகிவிடாது. நாகப்பட்டினம் கைக்கு வந்த பிறகு டச்சுக் கம்பெனி தஞ்சை ஆட்சியாளர்களிடம் வெள்ளித் தகடுகளில் எழுதி வாங்கிக்கொண்டது. சட்டம் இல்லாதவனிடம் யாராவது எழுதி வாங்குவார்களா?

பேராசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "இதுதான் உன் மூன்றாம் அத்தியாயம்" என்றார்.

செப்பேட்டைப் பார்த்த அன்று மாலை, வாசிப்பறை மூடும் நேரத்தில் நூலகர் வந்தார். ஏடுகளை அவர் ஒவ்வொன்றாகச் சரித்து வளையத்தில் நேராக்கினார்; செம்பும் செம்பும் உரசும் ஓசை, பூஜைப் பாத்திரம் துலக்கி அடுக்கும்போது வருமே, அது. வெளியே நான்கரைக்கே இருட்டியிருந்தது. கால்வாய்க் கரையில் நின்று அப்பாவுக்குப் பேசினேன். அங்கே ஒன்பது மணி.

"பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. தொட்டுக்கூடப் பாத்தேன்."

"நாலு மாலும் சொல்லியிருக்கா?"

"கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லைன்னு நாலும் வருதுப்பா. வாய்க்கால், வயல் எல்லாம் சொல்லி."

"கிரயமா, தானமா?"

"தானம். இறையிலி."

"தானம்னா ரத்து பண்ண முடியாது. மகன் ஒத்துக்கிட்டானா?"

"மகன்தான் செப்புல வெட்ட வெச்சதே."

அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார் போல.

"எழுதினவன் பேரு போட்டுருக்கா? சில பேரு போட மாட்டான், அரசன் பேரு மட்டும் போட்டு விட்டுடுவான்."

"இருக்குப்பா. காஞ்சிபுரத்துக்காரங்க அஞ்சு பேரு. கிருஷ்ணன் வாசுதேவன்னு தொடங்குது."

"மெதுவாச் சொல்லு," என்றார். "பேனா எடுத்துக்கறேன்."